எதுத்தாப்ல முதல் ஆட்சேபணை வரை: வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ‘எதிர்’ வழிகாட்டி

வடசென்னைக்குக் குடிவந்தவர்களுக்கு கேஸ் இணைப்பு, தண்ணீர் லாரி வரும் நேரம், பள்ளிச் சேர்க்கை என்று எல்லாவற்றையும் சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்கும். ‘எதிர்’ என்ற சொல்லை எங்கே எப்படிப் போடுவது என்று மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஊரில் இருந்தவரை தேவைப்பட்டிருக்காது, இங்கே தேவைப்படும். அனல்மின் நிலையம், துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, மாநகரத்தின் குப்பைமேடு எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும் பக்கம் இது. இங்கே குடியிருப்பவர் என்றைக்காவது ஒரு மனுவில் கையெழுத்துப் போடுவார், ஒரு கூட்டத்தில் மைக் பிடிப்பார். அன்றைக்கு வாயில் வருவது எதிர்ப்பா, ஆட்சேபணையா, கண்டனமா என்பதைப் பொறுத்து, சொன்னது கோப்பில் ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியவன் நான். புதிதாக வருகிறவர்கள் எந்த வரிசையில் இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறதோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: தெருவில் காது கொடுங்கள்

இங்கே ‘எதிர்’ முதலில் வழி சொல்லும் சொல். “மெட்ரோவாண்ட எறங்கு, எதுத்தாப்ல மெடிக்கல் ஷாப்பு, அத ஒட்டி சந்து” என்பார்கள். எதிர்த்தாற்போல என்பதுதான் பேச்சில் ‘எதுத்தாப்ல’ ஆகிவிட்டது. ‘எதுர்க்க’ என்பதும் காதில் விழும்: “எதுர்க்க வர்றாரு பாரு, அவரையே கேளு.” ஆப்போசிட் என்ற சொல்லும் தாராளமாகப் புழங்குகிறது. மூன்றும் கண்ணுக்கு நேரே இருப்பதைத்தான் சொல்கின்றன.

ஒரு எச்சரிக்கை. டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் மெட்ரோ பாலம் மேலே ஓடுகிறது, தூண்கள் சாலையின் நடுவே நிற்கின்றன. “எதுத்தாப்ல” என்று கை காட்டிய கடைக்குப் போக, எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாமல் வண்டியில் வெகுதூரம் போய்விடுபவர்கள் உண்டு. அதனால் கூடவே “ரோடு தாண்டியா, இந்தப் பக்கமேவா அண்ணே?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பேச்சில் வரும் ‘எதுத்துப் பேசறது’. பெரியவர் ஒருவர் சொன்னதை நீங்கள் மறுத்தால், விஷயம் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால் “எதுத்தா பேசற?” என்று வரும். இது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கொஞ்சம் சுருக்காக வரும், அவ்வளவுதான். கோபம் மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் கோபம் இல்லை. “அதில்லண்ணே, நீங்க சொல்றது சரி, ஆனா…” என்று ஆரம்பித்து உங்கள் பக்கத்தைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். அக்கா, அண்ணே, நைனா என்று முறை வைத்துப் பேசுவது இங்கே சும்மா மரியாதைக்கு மட்டும் இல்லை. மறுத்துப் பேசும் உரிமையும் அந்த முறையோடு சேர்ந்தே வருகிறது.

தகராறு, லடாய், பேஜார் போன்றவற்றையும் கேட்பீர்கள். தகராறு அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, மூலத்தில் ‘திரும்பத் திரும்ப’ என்று பொருள். லடாய் இந்துஸ்தானியில் சண்டை. பேஜார் சலிப்பு. மூன்றும் உயிருள்ள நல்ல சொற்கள், தெருவோடு வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் “தகராறு” என்று எழுதினால் உங்கள் கோரிக்கையை அடிதடி வழக்கு மாதிரி படித்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை விட்டுவிட்டும் மனு எழுதலாம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

‘எதிர்’ தென்னாட்டு மொழிகளுக்குப் பொதுவான சொல். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ‘எதுரு’. கன்னடத்திலும் ‘எதுரு’, மலையாளத்தில் ‘எதிர்’. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: முகத்துக்கு நேரே. தெலுங்கில் ‘எதுருசூடு’ என்றால் வரவை எதிர்பார்த்திரு. மலையாளத்தில் ‘எதிரேல்க்குக’ என்றால் போய் வரவேற்பது. நம் பழைய இலக்கியத்தில் ‘எதிர்ந்தான்’ என்றால் நேரே சந்தித்தான். ‘எதிர்த்தான்’ என்றால் மோதினான். முதலாவது வழக்கில் தேய்ந்துபோய், இரண்டாவது மட்டும் நின்றுவிட்டதால்தான் இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே சண்டை ஞாபகம் வருகிறது.

நேரே வருவது என்பதிலிருந்துதான் இனி வரப்போவது என்ற பொருளும் கிளைத்தது. தொல்காப்பியம் மூன்று காலத்தையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று சொல்கிறது. எதிர்காலம் என்பதில் உள்ள எதிர் அதுதான். “எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்” என்ற 429ஆம் குறளிலும் பகை எதுவும் இல்லை. வரப்போவதை முன்பே அறிந்து காத்துக்கொள்கிறவருக்கு நடுங்கவைக்கும் துன்பம் வராது என்பது பொருள்.

இன்னொரு கிளை, திருப்பித் தருவது. 221ஆம் குறளில் ‘குறியெதிர்ப்பை’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு படி அரிசி கடன் வாங்கி அதே படி அளந்து திருப்பிக் கொடுக்கிறோமே, அந்த அளவுக் கடனுக்கு அது பெயர். ஏழைக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் இந்தக் கைமாற்று மாதிரி என்கிறார் வள்ளுவர். எதிரொலி, எதிர்வினை எல்லாம் இந்தக் கிளையில் வருகிறவை.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வரும்போது எதிர்கொண்டு வரவேற்பதற்கு எதிர்சேவை என்றே பெயர். ஆக, ஒரே சொல்லுக்குள் வரவேற்பும் இருக்கிறது, மோதலும் இருக்கிறது. எது என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் முடிவு செய்யும்.

மூன்றாம் படி: ஒற்று

இணையத்தில் அதிகம் தப்பாக எழுதப்படும் சொற்களில் ஒன்று ‘எதிர்ப்பார்க்கிறேன்’. சரியானது எதிர்பார்க்கிறேன். நடுவில் ‘ப்’ கிடையாது. எதிர்காலம், எதிர்கொள், எதிர்பாராத, எதிர்சேவை எல்லாவற்றிலும் ஒற்று மிகாது. ஆனால் எதிர்க்கட்சி, எதிர்க்கேள்வி, எதிர்ப்பக்கம், எதிர்த்தரப்பு ஆகியவற்றில் மிகும். சுருக்கமாக ஒரு வழி: வருவது, நேர்வது என்ற வினைப்பொருள் உள்ளே இருந்தால் ஒற்று வேண்டாம். அந்தப் பக்கத்தில் இருப்பது, மாறானது என்று பெயர்ப்பொருள் இருந்தால் போடுங்கள். எதிரிலுள்ள வீடு, எதிரி, எதிராளி இவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘எதிர்ப்புத் தெரிவிக்கிறோம்’ என்பதில் நடுவே ‘த்’ வரும். பேனரில் அது விடுபட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் போடுங்கள்.

நான்காம் படி: எதை எதிர்க்கிறீர்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன.

‘ஆலைக்கு எதிரே போராட்டம்’ என்பது இடம். ஆலை வாசலுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் இருக்கலாம். ‘ஆலைக்கு எதிராகப் போராட்டம்’ என்பது நோக்கம். காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் இந்த இரண்டும் தனித்தனி வரி. இடத்துக்கு ‘எதிரே’ அல்லது ‘எதிரில்’, நோக்கத்துக்கு ‘எதிராக’ அல்லது ‘எதிர்த்து’. குழப்பி எழுதினால், இடத்தைத்தான் கேட்கிறீர்களா என்று கடிதம் திரும்பி வரும்.

‘எதிர்த்து’ என்பது செயலோடு சேரும்: உத்தரவை எதிர்த்து வழக்குப் போட்டோம். ‘எதிராக’ என்பது எந்தப் பக்கம் என்று காட்டும்: எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ‘எங்களை எதிர்த்துத் தீர்ப்பு வந்தது’ என்று யாரும் பேசுவதில்லை, எழுதும்போதும் வேண்டாம்.

தலைப்புச் செய்திகளில் ‘மீனவர் எதிர்ப்பு’ என்று பார்ப்பீர்கள். மீனவர்கள் எதிர்க்கிறார்கள் என்று பொருள். ‘மது எதிர்ப்பு’ என்றால் மதுவை எதிர்ப்பது. ஆளின் பெயர் முன்னால் வந்தால் எதிர்ப்பவர், பொருளின் பெயர் வந்தால் எதிர்க்கப்படுவது என்று வழக்கமாகப் புரிந்துகொள்வோம். ‘போலீஸ் எதிர்ப்பு’ என்று வந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். சந்தேகம் வரும் இடத்தில் சுருக்காதீர்கள், ‘காவல்துறை எதிர்ப்புத் தெரிவித்தது’ என்று நீட்டியே எழுதுங்கள். ‘விரோதம்’ என்ற சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. மக்கள் விரோதத் திட்டம் என்றால் மக்களுக்குக் கேடானது என்று மட்டும்தான். ஆனால் ‘சட்ட விரோதம்’ என்பதற்குப் பதில் ‘சட்ட எதிர்ப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். முன்னது சட்டத்தை மீறிய காரியம், பின்னது ஒரு சட்டம் வேண்டாம் என்று போராடுவது. 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்தது குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பு. அது சட்ட விரோதம் என்று எழுதினால் வேறு அர்த்தமாகிவிடும்.

முழுப் பெயர் சொல்வதற்கு இந்தப் பகுதியிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மூலக்கொத்தளத்தில் நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் உள்ளது. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துச் சிறை சென்று, 1939இல் உயிரிழந்தவர்கள். புதிதாக வந்தவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். அந்தப் போராட்டத்தை ‘இந்தி எதிர்ப்பு’ என்று சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ‘இந்தித் திணிப்பு எதிர்ப்பு’ என்று திருத்துவார்கள். ஒரு மொழி மேல் பகை இல்லை, கட்டாயம் என்பதுதான் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். நடுவில் வரும் அந்த ஒரு சொல் வாதத்தையே மாற்றிவிடுகிறது.

உங்கள் மனுவிலும் அப்படித்தான். ‘துறைமுகத்தை எதிர்க்கிறோம்’ என்று எழுதினால், “துறைமுகம் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறதே” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ‘துறைமுக விரிவாக்கத்தை’ என்று எழுதினால் அந்தப் பதில் செல்லாது. ‘கொடுங்கையூரில் குப்பை எரி உலை அமைப்பதை’ என்று எழுதினால், குப்பையைத் தரம் பிரிக்கவே கூடாது என்கிறீர்களா என்று யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

ஐந்தாம் படி: எந்தத் தாளில் எந்தச் சொல்

எதிர்ப்பு என்பது நிலைப்பாடு. கூட்டமாகச் சொல்லலாம், பேனரில் எழுதலாம், முழக்கமாகப் போடலாம். ஆனால் ஒரு அலுவலர் உங்கள் எதிர்ப்புக்குப் பதில் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆட்சேபணை அப்படி இல்லை. சமஸ்கிருதத்தில் ‘க்ஷிப்’ என்றால் எறி. ஒரு கருத்தின் மேல் தடையை எறிவது ஆக்ஷேபம், அதிலிருந்து ஆட்சேபணை. (ஆட்சேபனை என்றும் எழுதுகிறார்கள், மூலத்துக்குப் பொருந்துவது ணகரம்.) அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டு, “ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கலாம்” என்று எழுதினால், அதே சொல்லைப் போட்டு நீங்கள் கொடுக்கும் தாள் சட்டத்தின் கண்ணில் ஒரு ஆவணம். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் சம்பந்தப்பட்டவர்கள் ஆட்சியரிடம் எழுத்துமூலம் ஆட்சேபணை தரலாம், ஆட்சியர் அவர்களை அழைத்து விசாரிக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் கணக்கு வேறு. அறிவிப்பில் உள்ள சட்டத்தின் பெயரையும் கெடுவையும் முதலில் பாருங்கள்.

நிலப் பயன்பாட்டு மாற்றம் பற்றிய அறிவிப்பு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலிருந்து வந்தால், ஆட்சேபணை போக வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தாளமுத்து நடராசன் மாளிகை. மூலக்கொத்தளத்தில் பார்த்த அதே இருவரின் பெயர். அந்தக் கட்டடத்துக்கு ஆட்சேபணை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள் ஒரு நிறைவு.

வாக்காளர் பட்டியலிலும் ஆட்சேபணை உண்டு. வீடு மாறி வந்தவர்கள் படிவம் 8 கொடுக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் இருக்கக்கூடாது என்று ஆட்சேபிக்க படிவம் 7. யாராவது உங்கள் பெயர் மேல் படிவம் 7 கொடுத்திருந்தால் பதறாதீர்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது என்று முகவரிக்கு ஆதாரம் எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போய் நின்றால் போதும்.

வீடு பார்க்கும்போது ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’, ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ என்று தரகர் சொல்வதைக் கேட்கலாம். அரசு நிலத்தில் நீர்நிலை, சாலை போன்றவை ஆட்சேபணைக்குரியவை, அங்கே பட்டா எதிர்பார்க்க முடியாது. மற்ற இடங்களில் நிபந்தனைகளோடு வரன்முறை செய்வதுண்டு. பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு சொல்லை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கண்டனம் நடந்து முடிந்ததற்கு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் ஒரு உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத்திணறி மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மறுநாள் அதற்குத் தெரிவிப்பது கண்டனம். அந்த ஆலை மறுபடி திறக்கக்கூடாது என்று எழுதுவது ஆட்சேபணை. புகார், இந்துஸ்தானியில் ‘கூப்பிடு’ என்பதிலிருந்து வந்தது. தெருவில் சாக்கடை வழிந்தால், நள்ளிரவில் புகை நாறினால் புகார். மாநகராட்சிக்கு 1913, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. புகாரில் ‘எதிர்ப்பு’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை.

மறுப்பு என்பது உங்கள் மேல் சொல்லப்பட்டதை இல்லை என்பது. மேல்முறையீடு என்பது உத்தரவு வந்த பிறகு.

ஆறாம் படி: உங்கள் பெயர் ‘எதிர்மனுதாரர்’ என்று வந்தால்

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் விவகாரத்தில் வழக்குப் போட்டு, நோட்டீஸில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘எதிர்மனுதாரர்’ என்றோ ‘பிரதிவாதி’ என்றோ இருக்கும். “நான் யாருக்கு எதிரி?” என்று கலங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எதிர், எதுத்த வூட்டில் இருக்கும் எதிர்தான். நீதிமன்றத்தில் மனுதாரருக்கு நேரே நிற்கிறவர் என்பதற்கு மேல் அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தேதியைப் பார்த்து, வக்கீலைப் பிடித்து, எதிருரை (உங்கள் எழுத்துமூலப் பதில்) கொடுங்கள். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் ஆபத்து. நீங்கள் வராமலே தீர்ப்பாகிவிடும்.

ஏழாம் படி: மனு எழுதுங்கள்

கற்பனையாக ஒரு காரியத்தை வைத்துக்கொள்வோம். தெருமுனைக் காலிமனையில் கழிவு எண்ணெய்க் கிடங்கு வருகிறது, ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. மனு இவ்வளவுதான்:

“பொருள்: மேற்படி மனையில் கழிவு எண்ணெய்க் கிடங்குக்கு உரிமம் வழங்குவதற்கு ஆட்சேபணை தெரிவித்தல். ஐயா, நான் இதே தெருவில் குடும்பத்துடன் குடியிருந்து வருகிறேன். தங்கள் அறிவிப்பை நாளிதழில் கண்டேன். 1. மனையின் பின்சுவரும் பள்ளியின் சுவரும் ஒன்றே. 2. இந்தத் தெருவில் தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை. 3. மழைக்காலத்தில் மனையில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது, படம் இணைத்துள்ளேன். இக்காரணங்களால் உரிமம் வழங்குவதற்கு என் ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன். இதன்மீது எடுக்கும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

கவனித்தீர்களா, ‘வன்மையாக’, ‘கடுமையாக’ எதுவும் இல்லை. சுவர், வண்டி, தண்ணீர் என்று மூன்று விஷயம்தான். ஒவ்வொன்றையும் அலுவலர் நேரில் வந்து பார்த்து, ஆமாம் அல்லது இல்லை என்று எழுதியாக வேண்டும். கோபத்தை மனுவில் கொட்டினால் அதற்குப் பதில் எழுதத் தேவையில்லை என்று ஆகிவிடும்.

எங்கே கொடுப்பது என்பதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தவை. அவற்றுக்கு ஆட்சியர் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில். காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, வல்லூர் இன்றும் திருவள்ளூர் மாவட்டம். கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விவகாரத்துக்கு ராஜாஜி சாலையில் மனு கொடுத்தால், அது சுற்றி வருவதற்குள் கெடு போய்விடும். காவல் அனுமதிக்கும் அப்படியே, உங்கள் நிலையம் சென்னை ஆணையரகமா ஆவடியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுக்கலாம். மற்ற நாள்களில் தபால் பிரிவு. இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். “அப்புறம் வாங்க” என்றால் வெளியே வந்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை அந்த நகலோடு பின் போட்டு வையுங்கள்.

எட்டாம் படி: தெருவில் நிற்பது

ஆர்ப்பாட்டம், மறியல், முற்றுகை, உண்ணாவிரதம் ஒவ்வொன்றும் வேறு. ஆர்ப்பு என்றால் பேரொலி. ஆர்ப்பாட்டத்தில் ஒதுக்கிய இடத்தில் நின்று குரல் எழுப்புகிறோம். மறியலில் வழியை மறிக்கிறோம், கைதாகத் தயாராக இருக்க வேண்டும். ‘ஆர்ப்பாட்டம்’ என்று அனுமதி வாங்கிவிட்டு மறியலில் உட்கார்ந்தால் வழக்கு வரும். சென்னையில் கூட்டம், ஊர்வலம் எல்லாம் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவில் அடங்கும், அதனால் விண்ணப்பத்தைக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

முழக்கத்தில் ‘எதிர்ப்போம், எதிர்ப்போம்’ என்பதைவிட ‘கைவிடு, கைவிடு’, ‘திரும்பப் பெறு’, ‘மூடு’ போன்றவை எடுபடும். யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தபோதும், சாப்பாட்டு இடைவேளையை நீட்டு என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது.

ஒன்பதாம் படி: கருத்துக் கேட்புக் கூட்டம்

பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன், மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கூட்டம் அறிவித்து, இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்தது.

குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வந்ததும் ஆட்சியர் அலுவலகத்திலோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலோ, திட்டத்தால் என்ன பாதிப்பு என்று சொல்லும் வரைவு அறிக்கையைப் பார்க்கலாம். சுருக்கம் தமிழிலும் இருக்கும். அதைக் கட்டாயம் படியுங்கள். உங்கள் தெருவோ ஏரியோ அதில் இல்லை என்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபணை.

கூட்டத்துக்கு ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் தலைமை தாங்குவார். இத்தனை பேர் வந்தால்தான் நடக்கும் என்ற கணக்கு இல்லை. முழுதும் வீடியோ எடுக்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு, நேற்றுக் குடிவந்தவருக்கும்தான். மைக் கையில் வந்ததும் பெயர், தெரு சொல்லிவிட்டு, “இந்தத் திட்டத்துக்கு ஆட்சேபணை தெரிவிக்கிறேன், காரணம்…” என்று ஆரம்பியுங்கள். சத்தம் அதிகமாக இருக்கும், கட்சிக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். பரவாயில்லை, ஒரே காரணத்தைச் சொன்னாலும் முழுதாகச் சொல்லுங்கள். பேச முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

பலர் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். இருங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. உங்கள் ஆட்சேபணை “சிலர் கருத்துத் தெரிவித்தனர்” என்று சுருங்கியிருந்தால் அங்கேயே எழுந்து, “ஆட்சேபணை என்று எழுதுங்கள், காரணத்தையும் சேருங்கள்” என்று கேளுங்கள். கேட்டதும் அந்த வீடியோவில் இருக்கும்.

அதையும் மீறி அனுமதி வந்துவிட்டால், 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிப்பார்கள், அதற்கு மேல் இல்லை. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அந்த மனுவில் நீங்கள் மேல்முறையீட்டாளர், அனுமதி கொடுத்த துறையும் வாங்கிய நிறுவனமும் எதிர்மனுதாரர்கள். கூட்டத்தில் கொடுத்த ஆட்சேபணையின் சீல் போட்ட நகலை அதோடு இணைத்துவிடுங்கள்.